எம்1 கேரண்ட் வாங்கப் போகிறவருக்கு: யார் செய்தது, எந்தத் தரம், எதைப் பார்த்து எடுப்பது?

அட்லாண்டாவிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், அலபாமா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். முதல் தடவை அதை மறந்துவிட்டுப் போனேன். அன்னிஸ்டன் ஊரில் பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்ததும் மூக்கில் ஏறியது ஆளிவிதை எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனை. உள்ளே வரிசை வரிசையாக எம்1 கேரண்ட் துப்பாக்கிகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அட்டை, அட்டையில் செய்தவர் பெயர், வரிசை எண், இரண்டு அளவுகள். எனக்கு முன்னால் நுழைந்தவர் அட்டைகளில் ஒரே ஒரு பெயரை மட்டும் தேடினார்: வின்செஸ்டர். கிடைத்ததும் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். அந்த இரண்டு அளவுகளை அவர் படிக்கவே இல்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு அளவுகளைச் சுற்றித்தான் வரும். கேரண்ட் வாங்குகிறவர்களில் பலர் பெயருக்குக் காசு கொடுத்துவிட்டு, சுடும்போது குழலைக் குறை சொல்கிறார்கள்.

அறியாதவர்களுக்காக நாலு வரி. எம்1 கேரண்ட் அமெரிக்கா 1936இல் தன் ராணுவத்துக்கு ஏற்றுக்கொண்ட அரைத் தானியங்கி ரைபிள். விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டா போகும். அடுத்த தோட்டாவை வெடிவாயுவின் அழுத்தமே ஏற்றிவிடும். எட்டுத் தோட்டாக்கள் ஓர் இரும்புக் கிளிப்பில் சேர்ந்தபடியே உள்ளே போகும். எட்டாவது சுட்டதும் காலிக் கிளிப் 'டிங்' என்று வெளியே துள்ளும். நீளம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர், எடை நாலேகால் கிலோவுக்கு மேல். வடிவமைத்த ஜான் கேரண்ட் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். காப்புரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதா நிறைவேறாமலே போனது. 1957 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

முதல் படி: உங்களால் வாங்க முடியுமா?

இது அமெரிக்காவில் வாழ்கிறவர்களுக்கான பேச்சு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. மாநிலம் தரும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு தவறு உங்கள் குடியேற்ற நிலையையே கவிழ்த்துவிடும், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சரிபார்ப்பு முடித்து வாங்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன அன்னிஸ்டன் கடையை நடத்தும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சி.எம்.பி., அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே விற்கும். அதோடு அதனுடன் இணைந்த ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். துப்பாக்கி சுடும் பயிற்சி பெற்றதற்கு ஏதாவது ஆதாரமும் கேட்பார்கள். மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சுடவா, சேர்க்கவா?

இந்தக் கேள்விக்கு உங்களுக்கு நீங்களே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். 'இரண்டுக்கும்தான்' என்கிறவரிடம்தான் வியாபாரி அதிகம் சம்பாதிப்பார்.

நம் வீடுகளில் கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கூட்டுக் குடும்பத்தில் முப்பது வருடம் புழங்கிய பிறகு பார்த்தால், பாட்டி பெயர் வெட்டிய குண்டானுக்கு அத்தை பெயர் வெட்டிய மூடி இருக்கும். சமையலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கேரண்ட் கதையும் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கிகள் ராணுவப் பட்டறைகளுக்குத் திரும்பின. அங்கே அவற்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பாகங்களை வகைவாரியாகத் தொட்டிகளில் போட்டு, தேய்ந்ததை ஒதுக்கி, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். 1943இல் செய்த ரிசீவரில் (குழலும் மற்ற பாகங்களும் வந்து பூட்டும் நடு உடல்) 1950களின் குழலும், வின்செஸ்டர் விசைத் தொகுதியும், யாரோ செய்த மரக்கட்டையும் இருப்பது வழக்கமான காட்சி. 'கலப்படம்' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் கண்டுகொள்ளாதீர்கள். ராணுவம் பயன்படுத்திய துப்பாக்கி அப்படித்தான் இருக்கும்.

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அதே பாகங்களோடு இன்றும் இருக்கும் கேரண்ட் மிக அரிது. சேர்ப்பவர்கள் அதற்குத்தான் பெரும் தொகை கொடுக்கிறார்கள். அந்த விலையைப் பார்த்துவிட்டு, அந்தந்த ஆண்டுக்குரிய பாகங்களைத் தேடி வாங்கிப் பூட்டி 'சரியானது' என்று விற்பவர்களும் உண்டு. 'சரியானது' வேறு, 'அசல்' வேறு. முதல் கேரண்டையே சேர்ப்பதற்காக வாங்காதீர்கள் என்பது என் கட்சி. ஒன்றைச் சுட்டு, பிரித்து, துடைத்து, கை பழகிய பிறகுதான் கண்ணுக்கு எது போலி என்று தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாம் படி: பெயர் விவகாரம்

அமெரிக்க ராணுவத்துக்குக் கேரண்ட் செய்தவர்கள் நான்கு பேர். ரிசீவரின் பின்தலையில், கண்ணுக்கு நேரே, பெயர் பொறித்திருக்கும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச்சாலைதான் தாய்வீடு. மொத்தத்தில் பெரும்பகுதி அங்கே செய்தவை. பொதுவாக, வரிசை எண் 38 லட்சத்துக்குள் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலம். 42 லட்சத்தைத் தாண்டினால் கொரியப் போரை ஒட்டி மறுபடி தொடங்கிய உற்பத்தி. பின்னதில் உலோக வேலை சீராக இருக்கும், விலையும் அவ்வளவு உயராது. முதல் துப்பாக்கிக்கு அதைத்தான் கைகாட்டுவேன்.

வின்செஸ்டர் போர்க்காலத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் செய்தது. கௌபாய் காலத்தை நினைவூட்டும் அந்தப் பெயருக்காகவே விலை ஏறி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், நான்கு பேரில் மேல்பூச்சு வேலை முரடாக இருப்பது இவர்களுடையதுதான். ரிசீவரில் கடைசல் வரிகளை விரல் நகத்தாலேயே உணரலாம். கடைசிக் கட்டத்தில் செய்தவற்றில் ரிசீவரில் பொறித்த வரைபட எண்ணோடு 'வின்-13' என்று இருக்கும். அவற்றின் வரிசை எண் அதற்கு முன்னால் செய்தவற்றைவிடச் சிறியது. எண்ணை மட்டும் வைத்து வயதைச் சொல்லுபவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் இருந்த பழைய துப்பாக்கி நிறுவனம். 1950களில் நான்கு லட்சத்துக்கு மேல் செய்தது. இவர்களுடைய வேலைத்தரத்தை அனுபவசாலிகள் பெரும்பாலும் முதலிடத்தில் வைக்கிறார்கள். நான் வைத்திருப்பதும் இதுதான், ஆகவே என் சாட்சி கொஞ்சம் சொந்தக்காரச் சாட்சி.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் கம்பெனி. இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் இருந்த அவர்களுடைய ஆலைக்கு 1950களில் கேரண்ட் செய்யும் ஒப்பந்தம் போனது. வயல் கருவி செய்தவர்களுக்குத் துப்பாக்கி எளிதில் வசப்படவில்லை. தவித்தபோது ஸ்பிரிங்ஃபீல்டும் ஹாரிங்டனும் அவர்கள் பெயரிலேயே ரிசீவர் செய்து கொடுத்தார்கள். அவற்றின் எழுத்து அமைப்பே வேறு. ஒரு வகைக்கு 'தபால் தலை', இன்னொன்றுக்கு 'அம்புமுனை', மற்றொன்றுக்கு 'இடைவெளி எழுத்து' என்று சேர்ப்பவர்கள் செல்லப்பெயர் வைத்து உயிரை விடுகிறார்கள். சுடுகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

இத்தாலியில் பெரெட்டாவும் பிரெடாவும் செய்தன. டென்மார்க்குக்குப் போனவை சில திரும்பி வந்தன. கண்ணில் பட்டால் ஒதுக்க வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம். இன்று இல்லினாய் மாநிலம் ஜெனிசியோவில் 'ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி' என்ற பெயரில் இருப்பது தனியார் நிறுவனம். அரசு ஆயுதச்சாலை 1968இலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த இடம் இன்று தேசிய வரலாற்றுத் தலம். தனியார் நிறுவனமும் கேரண்ட் செய்து விற்றது; வரிசை எண்கள் 70 லட்சத்துக்கு மேல், ரிசீவர் வார்ப்பு எஃகு. அது மோசமான துப்பாக்கி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை 'போர்க்கால ஸ்பிரிங்ஃபீல்ட்' என்று யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

நான்காம் படி: குழலின் பல்லைப் பார்ப்பது

மாட்டுச் சந்தையில் கொம்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். கேரண்டுக்குப் பல் என்பது குழல்.

அந்த அட்டையில் இருந்த இரண்டு அளவுகள் இவைதான். ஒன்று தொண்டைத் தேய்மானம். தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி குண்டைச் சுழலவைக்கும் மரைவரி தொடங்கும் இடம் சூடான வெடிவாயுவால் அரிக்கப்படும். எத்தனை தோட்டாக்கள் போயிருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டாவது வாய்த் தேய்மானம், அதாவது குண்டு வெளியேறும் முனை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது. இரண்டையும் கூம்பு வடிவ கேஜ் விட்டு அளப்பார்கள். எண் கூடக் கூடத் தேய்மானம் அதிகம். சி.எம்.பி.யின் 'சர்வீஸ்' தரத்துக்கு வாய் 3 அல்லது அதற்குக் கீழ், தொண்டை 5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும்.

இரண்டில் எது முக்கியம்? புதியவர்கள் தொண்டையைப் பிடித்துத் தொங்குவார்கள். என் அனுபவத்தில் குறியைக் கெடுப்பது வாய். குண்டு துப்பாக்கியைக் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒருபக்கம் தேய்ந்திருந்தால் குண்டு சாய்ந்து போகும். வாய் ஏன் தேய்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கேரண்டின் ரிசீவர் பின்பக்கம் அடைபட்டது. சாதாரண ரைபிள்போலப் பின்னாலிருந்து துடைப்புக் கம்பியை விட முடியாது. வாய்ப் பக்கமாகத்தான் விட வேண்டும். இருபது வயதுச் சிப்பாய்கள், அதிகாரி பரிசோதனைக்கு முந்தின இரவு, இரும்புக் கம்பியை ஆயிரம் தடவை உள்ளே வெளியே உரசித் துடைத்திருக்கிறார்கள். பல கேரண்டுகளில் குண்டுகள் தேய்த்ததைவிடத் துடைப்புக் கம்பி தேய்த்தது அதிகம். தொண்டை 2, வாய் 4 என்று ஓர் அட்டை கண்டால் அது அதிகம் சுடாத, அளவுக்கு மீறித் துடைத்த துப்பாக்கி என்று படித்துக்கொள்ளலாம்.

கேஜ் இல்லாத இடத்தில், தனியாரிடமோ துப்பாக்கிச் சந்தையிலோ, ஒரு நாட்டுவைத்தியம் உண்டு. வெடிமருந்து இல்லாத டம்மித் தோட்டாவின் குண்டு முனையைக் குழல் வாயில் மெதுவாக வையுங்கள். பித்தளைக் கூட்டின் விளிம்புக்கும் குழல் வாய்க்கும் நடுவே கால் அங்குலம் அளவுக்குக் குண்டு வெளியே தெரிந்தால் நல்லது. கூடு வரை முழுங்கிவிட்டால் வாய் தேய்ந்துவிட்டது. இது துல்லியமான அளவீடு அல்ல, ஏமாறாமல் இருப்பதற்கான முதல் சல்லடை. உயிருள்ள தோட்டாவை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அடுத்தவர் மேசையில் எடுத்தால் விரட்டிவிடுவார்கள், அதுவும் நியாயமே.

பிறகு தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, வலப்பக்கம் குழலைப் பாருங்கள். ஆபரேட்டிங் ராட் (ஆறாம் படியில் வரும் நீண்ட தண்டு) மறைத்திருந்த இடத்தில் குழலின் பிறந்த தேதி தெரியும்: மாதம், ஆண்டு, எஃகு உருக்கு எண். ரிசீவர் 1942, குழல் 1953 என்று இருந்தால் பட்டறையில் மாற்றியது. சுடுகிறவருக்கு அது நல்ல செய்தி. 1950களின் தொடக்கத்தில் லைன் மெட்டீரியல் கம்பெனி செய்த குழல்களில் எல்.எம்.ஆர். என்று இருக்கும், கிடைத்தால் தயங்காதீர்கள். போர்க்காலத் தோட்டாக்களின் எரிமூட்டி, துருப்பிடிக்கவைக்கும் உப்பு விடும் வகை. அன்று சரியாகத் துடைக்காத குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் அம்மைத் தழும்புபோலப் பள்ளங்கள் தெரியும். லேசான பள்ளம் இருந்தும் நேராகச் சுடும் துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். வாயருகே இருந்தால் மட்டும் வேண்டாம் என்பேன்.

ஐந்தாம் படி: ரிசீவரில் ஒட்டுப் போட்டிருக்கிறதா?

என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. ஊர் பேர் வேண்டாம், ஒரு துப்பாக்கிச் சந்தையில் மலிவாக ஒரு கேரண்ட் கிடைத்தது என்று பூரித்து வந்தார். பிரித்துப் பார்த்தோம். ரிசீவரின் நடுவே, இரு பக்கமும், பூச்சின் நிறம் ஒரு விரல் அகலத்துக்கு வேறாக இருந்தது. அந்தக் காலத்தில் ராணுவம் கழித்துக் கட்டிய ரிசீவர்களை நெருப்பால் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டது. 1950, 60களில் சிலர் அந்தத் துண்டுகளை வாங்கி, முன்பாதி ஒன்று பின்பாதி ஒன்று என்று பற்றவைத்து விற்றார்கள். சில இன்றும் ஓடுகின்றன. ஆனால் முகத்திலிருந்து நாலு அங்குலத்தில் பெரும் அழுத்தம் வெடிக்கும் இடத்தில் எவரோ போட்ட ஒட்டை நம்ப எனக்கு மனம் வராது. நண்பருடையது இன்று சுவரில் தொங்குகிறது.

கண்டுபிடிக்க: கட்டையைக் கழற்றி ரிசீவரின் வலப்பக்கக் காலில் உள்ள வரைபட எண் முழுதாக இருக்கிறதா பாருங்கள். வெட்டிய இடத்தில் எண் சிதைந்தோ, சுத்தமாக மழித்தோ இருக்கும். போல்ட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் பிடிக்கும். ரிசீவரின் உள்பக்கம், கருவி எளிதில் போகாத மூலைகளில், பற்றவைத்த கட்டி தெரியும். விற்பவர் கழற்ற அனுமதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

கொரியாவிலிருந்து 1980களில் இறக்குமதியான துப்பாக்கிகளின் குழலில் 'புளூ ஸ்கை' முத்திரை இருக்கும். ஒட்டுப் போட்டவை அல்ல, ஆனால் நன்றாக உழைத்து ஓய்ந்தவை. விலையைப் பேசுங்கள்.

ஆறாம் படி: மீதி உடம்பு

ஆபரேட்டிங் ராட் என்பது குழலுக்கு அடியில் ஓடி வந்து, வலப்பக்கம் வளைந்து, கைப்பிடியாக முடியும் நீண்ட தண்டு. வாயு தள்ளுவது இதைத்தான். பார்க்கக் கோணலாக இருக்கும். அந்தக் கோணல் வேண்டுமென்றே வைத்தது, 'வளைந்திருக்கிறதே' என்று நிமிர்த்தக் கூடாது. தப்பான வளைவு வந்திருக்கிறதா என்று அறிய, கட்டையும் ஸ்பிரிங்கும் இல்லாமல், ராடும் போல்ட்டும் பூட்டிய நிலையில் துப்பாக்கியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் தம் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். போருக்குப் பிறகு பழுதுபார்த்த ராடுகளில் கைப்பிடிக்கருகே விரிசல் வராமல் ஓர் அரைவட்டம் வெட்டியிருப்பார்கள். வெட்டாததற்குச் சேர்ப்பவர் கூடுதல் விலை கொடுப்பார். வெட்டியதை வைத்துச் சுடுவது நல்லது.

மரக்கட்டையின் உறுதியை அறிய விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பைத் திறந்து மூடுங்கள். கடைசி அரை அங்குலத்தில் கை நோக அழுத்தினால்தான் பூட்ட வேண்டும். சட்டென்று விழுந்து மூடிக்கொண்டால் கட்டை ஒடுங்கிவிட்டது, குண்டுகள் சிதறும். குறிபார்க்கும் பின்குறியைப் பத்துக் கிளிக் உயர்த்தி, கட்டைவிரலால் மேலிருந்து அழுத்துங்கள். இறங்கினால் பழுது, ஆனால் சரிசெய்யக்கூடியதே. கட்டையில் வட்டத்துக்குள் 'பி' எழுத்து, கட்டத்துக்குள் பரிசோதகரின் முதலெழுத்துகள் எல்லாம் இருந்தால் அழகுதான். அவற்றை இன்று புதிதாகக் குத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அழகுக்குமேல் விலை வேண்டாம். வால்நட் மரத்துக்குப் பதில் வெளிர்நிற பிர்ச் இருந்தால் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஏழாம் படி: தரத்தைத் தேர்ந்தெடுப்பது

சி.எம்.பி. தரங்கள் ராக், ஃபீல்ட், சர்வீஸ் என்று ஏறுகின்றன. ராக் தரத்தில் கட்டை அடிபட்டிருக்கும், உலோகத்தில் பள்ளம் இருக்கும், குழல் அளவும் உயர்ந்திருக்கும். இவற்றைத் தாண்டி 'எக்ஸ்பர்ட்', 'ஸ்பெஷல்' என்று இரண்டு: பழைய ரிசீவர், கிரைடீரியன் நிறுவனத்தின் புதிய குழல், புதிய வால்நட் கட்டை. ஸ்பெஷலில் உலோகம் முழுவதும் புதுப்பூச்சு. எக்ஸ்பர்டில் அந்த மெருகை அதே அளவில் எதிர்பார்க்காதீர்கள். எல்லாத் தரமும் எல்லா நேரமும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து எந்தச் சரக்கு திரும்பி வருகிறதோ அதைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தது அப்படித்தான்.

என் தீர்ப்பு இது. மாதம் இரண்டு முறை சுடப்போகிறவர், போட்டிக்குப் போக நினைக்கிறவர் எக்ஸ்பர்ட் எடுக்கட்டும். குழலைப் பற்றிய கவலையே இராது. வருடம் ஐந்தாறு முறை சுடுவார், பழையதைக் கையில் பிடிக்கும் சுகமும் வேண்டும் என்கிறவருக்கு சர்வீஸ் போதும், கடைக்கு நேரில் போய் அட்டை படித்து எடுத்தால். ஸ்பெஷலைப் பார்த்தால் கண் கூசும், எனக்கு அது எழுபது வயதுக்காரருக்கு மீசைக்கு மை தீட்டியதுபோல இருக்கிறது. ராக் தரத்தை, தானே குழல் மாற்றத் தெரிந்தவர் அல்லது மாற்றித் தர ஆள் வைத்திருப்பவர் மட்டும் எடுக்கலாம். மலிவென்று எடுத்து, குழல், கட்டை, கூலி என்று கொடுத்துக் கூட்டிப் பார்த்தால் எக்ஸ்பர்ட் விலையைத் தாண்டியிருக்கும்.

விசேஷ வகைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கி பூட்டிய எம்1சி, எம்1டி என்ற இரு வகைகள் உண்டு. கிளிப் மேலிருந்து போவதால் தொலைநோக்கியை இடப்பக்கம் ஒதுக்கி வைத்தார்கள். எம்1டியில் தொலைநோக்கித் தாங்கி குழலோடு சேர்ந்தது, ஆகவே எந்த ரிசீவரையும் எம்1டி ஆக்கிவிடலாம். அரசின் சான்றிதழ் இல்லாததைத் தொடாதீர்கள். குட்டைக் குழல் 'டேங்கர்' பெரும்பாலும் பின்னாளில் வியாபாரிகள் வெட்டிச் செய்தது. காது பிளக்கும், சில முறுக்கிக்கொள்ளும். முதல் 50,000 அளவில் செய்த குழல் வாயில் வாயுவைப் பிடிக்கும் பழைய வாயுப்பொறி வகை ஏறத்தாழ எல்லாமே பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. அசல் என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். புதுக் குழலோடு .308 தோட்டாவுக்கு அமைத்தவை நல்லவை, தோட்டா கிடைப்பதும் எளிது. ஆனால் கடற்படை ஒரு கட்டத்தில் பழைய 30-06 (கேரண்டின் அசல் தோட்டா அளவு) குழலின் அறைக்குள் சிறு வளையம் இறக்கி மாற்றியது. அந்த வளையம் கழன்று வருவதுண்டு, எனவே அந்த வகை வேண்டாம்.

எட்டாம் படி: தோட்டா

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதை இங்கே நடக்கும். 30-06 என்று எழுதிய எல்லாப் பெட்டியும் கேரண்டுக்கு ஆகாது. இந்தத் துப்பாக்கியின் வாயுத் துளை, 150 கிரெயின் எடையுள்ள ராணுவ எம்2 தோட்டாவுக்காகக் கணக்கிட்டது. இன்றைய மான்வேட்டைத் தோட்டாக்களில் கனமான குண்டு, மெதுவாக எரியும் மருந்து. குண்டு வாயுத் துளையைத் தாண்டும்போதும் அழுத்தம் அளவுக்கு அதிகமாக இருக்கும். அது ராடை வளைத்துவிடும். பெட்டியிலேயே 'எம்1 கேரண்டுக்கு' என்று எழுதி விற்கும் தோட்டாக்கள் இருக்கின்றன, அவற்றை வாங்குங்கள். வேறு தோட்டாதான் சுட வேண்டும் என்றால் அழுத்தத்தைக் குறைக்கும் சரிசெய் வாயு அடைப்பான் விற்கிறார்கள். பழைய ராணுவச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் உப்பு எரிமூட்டியா என்று பாருங்கள். ஆம் என்றால் அன்றே தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: முதல் நாள்

காஸ்மோலின் என்ற பிசின் கிரீஸ் கட்டையிலும் இடுக்கிலும் இருக்கும். வெயிலில் வைத்தால் வியர்த்து வெளியே வரும். போல்ட்டின் காதுகள், ராட் ஓடும் பாதை, அவை உரசும் இடங்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் அல்ல, கிரீஸ் தடவ வேண்டும். ராட் ஸ்பிரிங்கை அளந்து பாருங்கள், 19 அங்குலத்துக்குக் கீழே குறுகியிருந்தால் புதியதை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. தோட்டா அறை இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அளந்துவிடுங்கள். வாய்ப் பக்கம் துடைக்கும்போது கம்பிக்குக் காப்பு வளையம் போடாமல் துடைக்காதீர்கள். மேலே சொன்ன சிப்பாய்களின் வேலையை நாம் தொடர வேண்டியதில்லை.

கட்டைவிரல் விஷயம். தோட்டா நிறைந்த கிளிப்பை அழுத்தும்போது, வலது உள்ளங்கையின் ஓரத்தால் ராட் கைப்பிடியை அணைத்துக்கொண்டு அழுத்துங்கள். கிளிப் பூட்டியதும் விரலை எடுங்கள், பிறகு கையை விடுங்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் அடிபடுவது அப்போது அல்ல. துப்பாக்கி காலியாக, போல்ட் பின்னால் நிற்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தோட்டாவை மேலே தள்ளும் தாங்கியை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். போல்ட் பாய்ந்து வரும். எனக்கு நகம் கறுத்து, உதிர்ந்து, புது நகம் முளைக்க ஐந்து மாதம் ஆனது.

திடலில் முதலில் ஒரே ஒரு தோட்டா. பிறகு கிளிப்பில் இரண்டு. இரண்டாவது தானாக ஏறி, விசையை அழுத்தும்வரை பேசாமல் இருந்தால் எட்டு போடுங்கள். சுட்ட கூடுகள் வலப்பக்கம் முன்னோக்கி விழுகின்றனவா, ஒரே இடத்தில் குவிகின்றனவா என்று பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறினால் வீட்டுக்குப் போய் மறுபடி பிரித்து, கிரீஸையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.